மூன்று முழுக்கு

மட்டக்களப்பு
27.07.2025

அன்புத் தம்பி சிவராசாவுக்கு,

நீயும் லோஜினியும் சின்னவளும் சுகமாய் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். எனக்கு உடம்பில் குறையொன்றும் இல்லை. காது மட்டும், ஷெல் விழுந்த வருசம் போனது போனதுதான். பக்கத்து வீட்டுத் துஷாந்தினி தன் போனில் தட்டி அனுப்புகிறேன் என்று நிற்கிறாள். அவளிடம் சொன்னால் எங்கள் கதை உன்னிடம் வருமுன் சந்திக்குப் போய்விடும். எனக்குக் கடிதம்தான்.

நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சாம்பவி கழற்றிப் போட்ட ஈரச்சட்டை கொடியில் காய்ந்துவிட்டது, எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அத்தனை பயமா தம்பி? ஆடி அமாவாசைக்கு அப்பாவை நினைத்து நீ எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்து, நாங்கள் எல்லாரும் முழுகினோம். மழையில்லாமல் தீர்த்தக்குளம் இடுப்பளவுக்கு வற்றி, தண்ணீர் கஞ்சி மாதிரிச் சுட்டது. அவளோ மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "சாமிக்கு முன்னால ஆரும் மூக்கப் பொத்துவாங்களா? ரெண்டு கையையும் கூப்பு" என்று அதட்டி, தலையில் கை வைத்து மூன்று முழுக்கும் நானே முழுக்கிவிட்டேன். எழும்பும்போது மூக்கெல்லாம் தண்ணீர். "மாமி, எரியுது" என்று மூக்கைக் காட்டிச் சிணுங்கினவள், கடலை வாங்கிக் கொடுத்ததும் சிரித்துவிட்டாள்.

அந்த மூக்கெரிவு நின்றுவிட்டதா என்று எழுது. லோஜினி வெயிலில் கறுத்துப்போனாள், அவளுக்கு நல்லாய்ச் சாப்பாடு கொடு.

உன் அக்கா,
கிளி


சென்ட் லோரன்ட், மொன்றியல்
19.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினைந்தாம் திகதிதான் வந்தது. பிள்ளையை எரித்து ஆறாம் நாள். மூக்கெரிவு நின்றுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள்.

மூளைக்காய்ச்சல் என்று துஷாந்தினி சொல்லியிருப்பாள். அது முழுக்கதை இல்லை. மற்றவர்கள் வாயால் கேட்பதைவிட என்னிடம் கேட்பது நல்லது. ஊரால் வந்து இரண்டாம் நாள், லோஜினி மீன்குழம்பு வைத்தபோது சாம்பவி, "அம்மா, கறி மணக்கேல்ல" என்றாள். தடிமன் என்று நினைத்தோம். அடுத்த நாள் தலையிடி, காய்ச்சல், சாப்பிட்டதெல்லாம் சத்தி. கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதாள். வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். முதுகெலும்பில் இருந்து நீர் எடுத்தார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். முதல் இரண்டு நாளும் வைத்தியர்களுக்கு என்னவென்று பிடிபடவில்லை. மூன்றாம் நாள்தான் அந்த நீரை வைத்துப் பார்த்து, உள்ளே ஏதோ உயிரோடு ஊர்வதைக் கண்டார்கள். அமீபா என்றார்கள். சூடான நல்ல தண்ணீரில் இருக்குமாம். குடித்தால் ஒன்றும் செய்யாதாம். மூக்கால் போனால் மட்டும் நேரே மூளைக்குப் போய்விடுமாம். அதற்கான மருந்தை அமெரிக்காவில் இருந்து எடுப்பித்தார்கள். அது வரும்போது பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை. ஓகஸ்ட் நாலாம் திகதி, திங்கட்கிழமை, மெசினை நிற்பாட்டினார்கள்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு சரியாய்க் கதைக்கிறவள் அவள் ஒருத்திதான். பாடசாலைக் கடிதமோ வங்கிக் கடிதமோ, அவள்தான் வாசித்துச் சொல்லுவாள். அவளுடைய மரணப் பத்திரத்தை வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் வேலையிடத்து றொபின்சனிடம் கொண்டு போனேன்.

லோஜினி கதைப்பதில்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
சிவா


மட்டக்களப்பு
14.09.2025

தம்பி,

சுகம் கேட்டு எழுத எனக்கு வாய் வரவில்லை. நீ எழுதியதைப் பத்துத் தரம் வாசித்துவிட்டேன். அப்படியென்றால் அது நான்தான். நீ ஒளித்து எழுதினாலும் எனக்கு விளங்கும். பிள்ளை மூக்கைப் பொத்தினது. நான் கையை எடுப்பித்தேன். அவள் போக்கில் விட்டிருந்தால் இன்றைக்குப் பாடசாலைக்குப் போயிருப்பாள்.

ஏன்டா தம்பி, நீ என்னை ஏசவில்லை? ஏசி எழுது. இப்படிப் பச்சைத்தண்ணீர் மாதிரி எழுதினால் என்னால் தாங்க முடியாது.

ஒன்று கேட்கிறேன். இங்கே காய்ச்சல் என்று டிஸ்பென்சரிக்குப் போனால், மருந்து தருகிறவர் முதலில் கேட்பதே "குளத்துல வயலுல இறங்கினயா?" என்றுதான். எலிக்காய்ச்சல் இருக்கிற ஊர். அவ்வளவு பெரிய ஊரில், அவ்வளவு படித்தவர்கள், எங்கே குளித்தாள் என்று கேட்கவில்லையா? இரண்டு நாள் ஏன் போனது?

லோஜினியைத் தனியே விடாதே. அவள் அடித்தாலும் பக்கத்தில் இரு.

அக்கா


சென்ட் லோரன்ட்
06.10.2025

கிளி மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை. நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்ற விருப்பமும் எனக்கில்லை.

அண்டைக்குக் கரையில் நின்று நான் சொன்னேன், "அவளுக்குப் பயமெண்டால் விடுங்கோ, காலை மட்டும் நனைக்கட்டும்" என்று. உங்களுக்குக் கேட்காது. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டீர்கள். ஊரில் நாலு பேர் பார்க்க, கனடாக்காரன் பிள்ளை ஒழுங்காய் முழுகுது என்று காட்ட வேண்டும் உங்களுக்கு. என் பிள்ளையின் தலையில் கை வைத்து அமுக்கினீர்கள். ஒருதரம் இல்லை, மூன்று தரம்.

நான் கார்தெரியில் பிள்ளைகள் பார்க்கிற வேலையை விட்டுவிட்டேன். அந்தச் சின்னதுகளின் மூக்கைத் துடைக்க என்னால் முடியவில்லை.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் விளங்காது. என் பிள்ளையைக் கொன்றது நீங்கள். இதை எழுத்தில் தரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

லோஜினி


மட்டக்களப்பு
02.11.2025

லோஜினிப் பிள்ளைக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை. நீ எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஊர் பார்க்கும் என்று நினைத்ததும் உண்மை. எனக்குப் பிள்ளை இல்லை என்பதும் உண்மை. கரையில் நின்று நீ வாயசைத்ததைக் கண்டேன். என்னவென்று கேட்க நான் ஏறி வரவில்லை.

என்னை எவ்வளவு வெறுக்க வேண்டுமோ அவ்வளவு வெறு. ஆனால் வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குள் வெறுங்காலோடு நிற்காதே.

கிளி


சென்ட் லோரன்ட்
12.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் செப்டெம்பர்க் கடிதத்துக்கு இவ்வளவு பிந்திப் பதில் போடுவதை மன்னியுங்கள். வேலையிடத்தில் கிறிஸ்துமஸ் வருகிறதென்று ஓவர்டைம். மருந்துப் பெட்டி அடுக்குகிற வேலைதான் இன்னும். எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் மேலே எழுதியிருக்கிற பெயரை வாசிக்கிறேன். அந்த மருந்து எங்கள் கொம்பனியில் இல்லை என்று தெரிந்தும் வாசிக்கிறேன்.

பனி கொட்டிவிட்டது. பஸ் நேரத்துக்கு வருவதில்லை. லோஜினியின் தமக்கை ரொக்ஸ்பரோவில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறா. லோஜினி உங்களுக்கு எழுதியது எனக்குப் பேந்துதான் தெரியும். அவளுக்கு யாரையாவது ஏச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்துள்ள உறை வந்தால் அவள் தொடுவதில்லை, பெட்டியைத் திறந்து நான்தான் எடுக்கிறேன்.

நீங்கள் கேட்டிருந்ததைப் பற்றிப் பேந்து எழுதுகிறேன்.

தம்பி,
சிவா


மட்டக்களப்பு
18.01.2026

தம்பி சிவராசாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். பனியும் பஸ்ஸும் பற்றி எழுதியிருந்தாய். பஸ் வராதது இங்கேயும் உண்டு, அதை நீ பக்கம் பக்கமாய் எழுதத் தேவையில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் கோயில் தலைவரைப் போய்க் கண்டேன். இந்த ஆடி அமாவாசைக்கு, தண்ணீர் வற்றியிருந்தால் பிள்ளைகள் தலைக்கு முழுக வேண்டாம் என்று ஒரு பலகை எழுதிப் போடச் சொன்னேன். சத்தம் போட்டார் போல, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேந்து நான் கொண்டுபோன கொப்பியில் எழுதித் தந்தார்: "அன்று ஆயிரம் பேர் முழுகினார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை." அது உண்மைதான் தம்பி. ஆயிரம் பேரில் எங்கட புள்ள மட்டும். நான் கையைக் கூப்பச் சொன்ன புள்ள மட்டும். இனிக் கோயிலுக்குப் போகமாட்டேன்.

நான் கேட்டதை மூன்று மாதம் கழித்துப் பேந்து எழுதுகிறேன் என்கிறாய். இரண்டு நாள் ஏன் போனது? முந்திக் கண்டுபிடித்த ஓரிரு பிள்ளைகள் தப்பியிருக்கிறதாம், துஷாந்தினி போனில் தேடிக் காட்டினாள். என் குற்றத்தின் முழு அளவையும் நான் அறிய வேண்டும். எழுது.

அக்கா

சிவராசா மாமா, இது துஷாந்தினி. கடிதத்தை ஒட்டத் தந்தவா, அவவுக்குத் தெரியாமல் இந்தத் துண்டை வைக்கிறேன். கிளி மாமி ஒரு நேரம்தான் சாப்பிடுறா, அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்தான். போன கிழமை கிணற்றடியில் விழுந்துபோனா. இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தபடி இருக்கிறா. இப்படியே போனால் வருசம் தாண்டமாட்டா. நீங்கள் ஏதாவது எழுதுங்கோ மாமா, அவ உங்களைத்தான் நம்புவா.


சென்ட் லோரன்ட்
15.02.2026

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு இதை வாசியுங்கள்.

வைத்தியர்கள் கேட்டார்கள், அக்கா. முதல் நாளே கேட்டார்கள். ஒரு இளம் பெண் வைத்தியர், நாங்கள் போய் ஒரு மணித்தியாலத்துக்குள், ஆறுதலாய் ஆங்கிலத்தில் கேட்டா: பிள்ளை அண்மையில் எங்கேயாவது நீந்தினதா, ஏரி, ஆறு, குளம், நீச்சல் தடாகம், ஏதாவது? எனக்கு நன்றாய் விளங்கியது. மொழி தெரியாமல் நடந்ததென்று நினைக்காதீர்கள். நான் இல்லை என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. நீந்துவதென்றால் கடற்கரை, நீச்சல் உடுப்பு, பந்து. தீர்த்தமாடுவதை யாராவது நீச்சல் என்பார்களா? அது என் தலைக்குள் வரவேயில்லை. இதோடு நின்றிருந்தால் நான் எப்போதோ எழுதியிருப்பேன்.

அடுத்த நாள் காலை இன்னொரு பெரிய வைத்தியர் வந்து அதையே கேட்டார். "நிச்சயமாக இல்லையா?" என்றார். அப்போது எனக்குக் குளம் ஞாபகம் வந்தது. நீங்கள், அவள், கூப்பிய கை, எல்லாம் வந்தது. நேற்று இல்லை என்றுவிட்டு இன்றைக்கு ஓம் என்றால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். தீர்த்தத்தில் என்ன வரப்போகிறது என்று யோசித்தேன். "நிச்சயம்" என்றேன். அக்கா, என் பிள்ளை பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டு கிடக்க நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் லோஜினி தாதி ஒருத்திக்குப் போனில் பிள்ளையின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். தற்செயலாய் அதில் குளக்கரையில் தலை நனைந்து நிற்கிற படம் வந்தது. தாதி போனைப் பறித்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடினா. அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்து செய்தேன். ஆறு மாதமாய் லோஜினி உங்களைத் திட்டும்போதெல்லாம் நான் சும்மா இருந்தேன். அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் அவள் போய்விடுவாள். எனக்கு வேறு யாரும் இல்லை. சொல்லவா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சிவா


மட்டக்களப்பு
16.03.2026

சிவா,

சாப்பிட்டுவிட்டுத்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு, நீ முன்னால் நின்றிருந்தால் கன்னம் கன்னமாய் அறைந்திருப்பேன். வெட்கங்கெட்டவனே, "நிச்சயம்" என்று சொல்ல உனக்கு நா வந்ததா? அந்தப் பெரிய மனிசன் என்ன நினைப்பான் என்று யோசித்தாயே, உன் பிள்ளை என்ன நினைக்கும் என்று யோசித்தாயா? இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். நீ என்னை ஏழு மாதம் தனியே எரிய விட்டாய், அதற்கும் சேர்த்து.

பேந்து என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. நாலு வயதில் நீ தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டு என் பாவாடைக்குப் பின்னால் ஒளித்தவன். உன்னை நான் எங்கே கொண்டு போய்ப் போடுவது?

பெரியாஸ்பத்திரி வைத்தியர் ஒருவரிடம் துஷாந்தினியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். முதல் நாளே தெரிந்தாலும் நூறில் இரண்டு மூன்று தப்பினால் பெரிசாம். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு மூன்றில் எங்கட புள்ள இருந்திருக்காது என்று எனக்குச் சொல்லவும் தெரியாது, உனக்கும் தெரியாது. அது எங்கள் இரண்டு பேரோடும் கிடக்கும்.

ஆனால் லோஜினிக்குச் சொல்லாதே. சொன்னால் உன் பாரம் இறங்கும், அவளுடையது ஏறும். அவள் என்னை வெறுக்கட்டும். நான் கடலுக்கு இங்காலே இருக்கிறவள், அவளுக்கு என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. நீ அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிட வேண்டியவன். குற்றம் முழுக்க என்னுடையதாகவே இருக்கட்டும். நான் தூக்குவேன். மூன்று நேரமும் சாப்பிட்டுக்கொண்டு தூக்குவேன், துஷாந்தினியிடம் கேட்டுப்பார்.

இதை வாசித்ததும் கிழித்துவிடு.

அக்கா


சென்ட் லோரன்ட்
09.04.2026

மச்சாளுக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று அறிந்தேன். எப்படி அறிந்தேன் என்றால், அவர் வேலைக்குப் போன பிறகு உங்கள் கடிதம் வந்தது. நான் தொடமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. ஆறு மாதமாய்த் தொடவில்லைதான். இந்தமுறை உறையை அடுப்பில் கொதிக்கிற கேத்தலுக்கு மேல் பிடித்துத் திறந்தேன். உங்களை இன்னும் கொஞ்சம் வெறுக்க ஏதாவது அகப்படும் என்றுதான் திறந்தேன்.

வாசித்து முடித்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

மச்சாள், முதல் நாள் இளம் வைத்தியர் ஒருத்தி, பிள்ளை எங்கேயாவது நீந்தினதா என்று கேட்டபோது அவருக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். எனக்கும் அந்த ஆங்கிலம் விளங்கியது. அவருக்குக் குளம் ஞாபகம் வரவில்லை, அது முகத்தில் தெரிந்தது. எனக்கு வந்தது. அந்த முதல் கேள்வியிலேயே வந்தது. அவர் இல்லை என்றார், நானும் கூடத் தலையாட்டினேன். ஏன் தெரியுமா? அந்த நேரம் நான் மனதுக்குள் அந்தக் கோயில் சாமியைத்தான் கூப்பிட்டு மன்றாடிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் உயிரை அவரிடம் கேட்டுக்கொண்டே, உன்ர தண்ணிதான் காரணம் என்று வாயால் சொன்னால் கைவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் தாதிக்குப் படம் காட்டியதைத் தற்செயல் என்று அவர் எழுதியிருப்பார், அது தற்செயல் இல்லை. சொல்ல வாய் வராமல், அந்தப் படம் வரும்வரைக்கும் ஒவ்வொன்றாய்த் தள்ளித் தள்ளிக் காட்டினேன். முதல் நாளே காட்டியிருக்கலாம்.

உங்களுக்கு நான் எழுதிய கடிதம், எனக்கு எழுத வேண்டியது. கொன்றது நீங்கள் என்று எழுதும்போது ஒரு எழுத்தும் அடித்துத் திருத்தவில்லை. அவ்வளவு சுகமாயிருந்தது. என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

உறையைத் திரும்ப ஒட்டி மேசையில் வைத்துவிட்டேன். அவர் வந்து பிரித்து, எனக்கு ஒன்றும் தெரியாதென்று நினைத்து, கிழித்துப் போடட்டும். நான் அறிந்துவிட்டேன் என்று தெரிந்தால் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் சொன்னால் என்னால் அவரைப் பார்க்க முடியாது. நீங்கள் அவருக்குச் சொல்லாதீர்கள். உங்கள் தலையில் இன்னொன்றையும் வைக்கிறேன் என்று தெரியும். வைக்க வேறு இடமில்லை.

எனக்குப் பதில் போட வேண்டாம். இந்தமுறை கோபத்தில் சொல்லவில்லை. இனித் தபால்பெட்டியை அவர்தான் திறப்பார்.

லோஜினி


சென்ட் லோரன்ட்
12.04.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பத்திரமாய்க் கிடைத்தது. லோஜினி எடுத்து மேசையில் வைத்திருந்தாள், பிரிக்கவில்லை. நீங்கள் ஏசியதெல்லாம் எனக்கு வேணும். வாசித்துவிட்டுக் கிழித்துக் குப்பைக்குள் போட்டேன்.

நீங்கள் சொன்னபடியே விடுகிறேன். அவளுக்குச் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் மாட்டேன். உங்கள் பெயரில் குற்றம் கிடப்பது எனக்கு வெட்கம்தான், ஆனாலும் உங்கள் சொல்லை மீறும் தைரியம் என்னிடம் இல்லை.

இரண்டு மூன்று நாளாய் அவளில் ஒரு மாற்றம் தெரிகிறது. உங்களைத் திட்டுவதை நிற்பாட்டிவிட்டாள். நேற்று எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து, முன்னால் இருந்து நான் குடித்து முடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல ஆறி வருகிறாள் போல.

அவளுக்கு ஒன்றும் தெரியாது, அக்கா. இப்ப எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான்.

தம்பி,
சிவா